களவெடுத்து நட்ட அந்தூரியம்

இப்போது கண்டியில் அந்தூரியம் இல்லாத வீடும் இல்லை, அதை உருப்படியாக வளர்க்கிற வீடும் இல்லை. வேலையிலிருந்து நின்ற அம்மாவுக்குப் பொழுது போக வேண்டுமே என்று என் மகன் செடி வளர்ப்போர் குழு ஒன்றில் என் போனைச் சேர்த்துவிட்டான். அன்றிலிருந்துதான் எனக்குப் பிரஷர். ஒருத்தி வாழைப்பழத் தோலை மூன்று நாள் ஊறவைத்து ஊற்றச் சொல்கிறாள். இன்னொருவர் அரிசி கழுவிய தண்ணீர் என்கிறார். முட்டைக் கோது, தேயிலைச் சக்கை, புளித்த மோர் என்று வரிசையாக வருகிறது. தலைத் தீபாவளிக்கு வந்த மருமகனுக்குக்கூட இவ்வளவு விருந்து நடக்காது. அந்தூரியம் பாவம், காட்டு மரத்தைப் பிடித்துக்கொண்டு மழையிலும் காற்றிலும் பிழைத்த சாதி. நிழல் வேண்டும், ஈரக் காற்று வேண்டும், வேர் மூச்சுவிட இடம் வேண்டும், அவ்வளவுதான். எங்கள் ஊரில் அது பட்டினியால் செத்ததை நான் பார்த்ததில்லை. செத்ததெல்லாம் அஜீரணத்தில்.

போன மாதம் அதே குழுவிலிருந்து ஒரு பிள்ளை எனக்குப் போன் எடுத்துப் பேசினாள். நான் வேலை பார்த்த பண்ணையில் இப்போது சுப்பர்வைசராக இருக்கிறவள், படித்தவள், மரியாதை தெரிந்தவள். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு வாசிக்கக் கொடுக்க வேண்டுமாம், எங்கள் காலத்தில் கருகல் நோய் வந்தபோது எப்படிச் சமாளித்தோம் என்று எழுதித் தரச் சொன்னாள். நல்லதாக எழுதவா, நடந்ததை எழுதவா என்று கேட்டேன். அவள் சிரித்தாள். சிரித்ததைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு நடந்ததையே எழுதுகிறேன்.

பண்ணை குண்டசாலைப் பக்கம். முதலாளிக்கு டவுனில் புடவைக்கடை. பண்ணை அவருடைய மனைவியின் ஆசைக்காகத் தொடங்கியது, அதனால் அங்கே ராஜ்ஜியம் மெடத்துடையது. நான் மஹய்யாவையிலிருந்து டவுனுக்கு நடந்து, அங்கே பஸ் ஏறி, இருபத்தெட்டு வருடம் போய்வந்தேன். தோட்டத்தில் வேலை என்று சொன்னால் எங்கள் ஆட்கள் தேயிலைக் கொழுந்து பறிக்கிறேன் என்று நினைப்பார்கள். பூ வெட்டுகிறேன் என்றால், அது ஒரு வேலையா என்று கேட்பார்கள்.

பழகிய கதை சுருக்கமானது. முதல் வருடம் முழுக்கத் தேங்காய் மட்டைத் துண்டுகளை ஊறவைத்து, சாயம் போகும்வரை தண்ணீர் மாற்றினேன். இரண்டாம் வருடம் இலை கழிக்கப் பழகினேன். ஒரு இலைக்கு ஒரு பூ, அதுதான் அந்தூரியத்தின் கணக்கு. அழகு பார்க்கிறேன் என்று பச்சை இலையை நறுக்குகிறவள் வரப்போகிற பூவை நறுக்குகிறாள். மூன்றாம் வருடம்தான் கையில் கத்தி வந்தது. பூ என்று எல்லோரும் சொல்கிற சிவப்பு மடலைப் பார்த்து வெட்டக்கூடாது, நடுவில் நிற்கும் திரியை விரலால் தடவ வேண்டும். அடியிலிருந்து முக்கால்வாசி சொரசொரப்பு ஏறியிருந்தால் வெட்டலாம். அதற்கு முன்னால் வெட்டினால் சாடிக்குப் போய் மூன்றாம் நாள் தலை தொங்கும்.

இனி எங்கள் மேலாளரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிவபாதம் சேர் யாழ்ப்பாணத்துக்காரர். காலை ஏழு மணிக்குச் செடிகள் நிற்கும் கொட்டகை வாசலில், கால் நனைக்கும் மருந்துத் தொட்டிக்குப் பக்கத்தில், கையில் கொப்பியோடு நிற்பார். நாங்கள் செருப்போடு தொட்டிக்குள் இறங்கி, அவர் மனதுக்குள் இருபது எண்ணி முடிக்கும்வரை நிற்க வேண்டும். அவர் எண்ணுவது உதட்டில் தெரியும். பதினெட்டில் யாராவது காலை எடுத்தால் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவார். கோபித்தது கிடையாது, குரல் உயர்த்தியது கிடையாது. "ஓம், திரும்ப நில்லும்" என்பார், அவ்வளவுதான். ஏசிவிட்டுப் போகிற மனிதராக இருந்தால் எவ்வளவோ நிம்மதி.

கத்திக்கும் அவர் சட்டம் வைத்திருந்தார். ஆளுக்கு இரண்டு கத்தி, இரண்டிலும் எங்கள் இலக்கம். ஒன்று வெட்டும்போது மற்றது மருந்து வாளிக்குள் கிடக்க வேண்டும், ஒரு செடி முடிந்ததும் கத்தி மாற வேண்டும். அந்தூரியத்துக்கு வரும் நோய்களிலே கெட்டது இந்தப் பக்டீரியாக் கருகல், அது கத்தியில் ஏறிச் சவாரி செய்யும் என்பார். சவாரி என்று அவர் சொன்னபோது நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். அவர் சொன்ன ஒரே பகிடி அதுதான், அதுவும் பகிடி இல்லை என்று பிறகு தெரிந்தது.

சேருக்கு எல்லாவற்றுக்கும் ஒரு படிவம் உண்டு. வருடத் தொடக்கத்தில் ஒரு தாள் தருவார். வீட்டில் அந்தூரியம் வளர்க்கிறீரா, ஆம் அல்லது இல்லை. வீட்டுச் செடியிலிருந்து கையிலும் உடுப்பிலும் நோய் வரலாம் என்பதற்காகக் கேட்டது. பதினொரு பெண்கள் வேலை பார்த்தோம். பத்துப் பேர் 'இல்லை' என்று எழுதினோம். எங்கள் பத்துப் பேர் வீட்டு வாசலிலும் பண்ணையில் கழித்துப் போட்ட கன்றுகள் சட்டியில் செழித்துக்கொண்டிருந்தன. என் வீட்டில் நாலு. 'ஆம், இரண்டு சட்டி' என்று எழுதியவள் ராஜேஸ்வரி ஒருத்திதான். என் பக்கத்து வரிசைக்காரி, என்னைவிட ஏழெட்டு வயது இளையவள், எங்கள் லைன் வரிசை வீடுகளிலேயே ரெண்டு படிக்கட்டு மேலே அவள் வீடு. ஏன்டி இப்படி எழுதினாய் என்று கேட்டதற்கு, "கேட்டாங்க, இருக்கு, எழுதினேன். இதுல என்னாக்கா இருக்கு?" என்றாள். அவளுக்குப் பிழைக்கத் தெரியாது என்று பஸ்ஸில் வரும்போது நாங்கள் பேசிக்கொண்டோம்.

மெடம் வேறு மாதிரி. அவருக்குப் படிவம் கிடையாது, தொட்டி கிடையாது. சேலை நனையும் என்று தொட்டியைத் தாண்டி வருவார், சேர் அந்த நேரம் பார்த்து வானத்தில் மழை இருக்கிறதா என்று பார்ப்பார். ஒருமுறை பெரிய இடத்து விருந்தாளிகள் வருகிறார்கள் என்று, இலையெல்லாம் பளபளக்க வேண்டும் என்று தேங்காய் எண்ணெய் பூசச் சொன்னார். பூசினோம். விருந்தாளிகள் வந்து புகழ்ந்துவிட்டுப் போனார்கள். மறுநாள் எறும்பு வந்தது. மறுவாரம் இலை தீய்ந்தது. அந்த எண்ணெயைத் துடைக்க எங்களுக்குப் பத்து நாள் பிடித்தது. படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில் என்பார்களே, மெடத்தின் செடி ஆசை அந்த ரகம்.

களவெடுத்து நட்ட செடிதான் தழைக்கும் என்று எங்கள் ஊரில் ஒரு நம்பிக்கை. இதில் சாதி மத பேதம் கிடையாது. மடவளையிலிருந்து மட்டைத்துண்டு கொண்டுவரும் லொறிக்கார முஸ்லிம் நானா சொல்வார், சிங்கள அக்காமார் சொல்வார்கள், நாங்களும் சொல்வோம். கேட்டு வாங்கினால் பட்டுப்போகும், காசு கொடுத்தால் நொண்டும், சொல்லாமல் ஒடித்து வந்தால் காடாகும். ஒரு வருடம் பெரஹரா திருவிழா முடிந்த கையோடு மெடம் காரிலிருந்து ஒரு ஷொப்பிங் பையோடு இறங்கினார். உள்ளே மூன்று கன்றோடு ஒரு தூர். வெள்ளை மடல், ஓரத்தில் பச்சை, எங்கள் பண்ணையில் இல்லாத ரகம். சம்பந்தி வீட்டில் நிச்சயதார்த்தத்துக்குப் போன இடத்தில், எல்லோரும் சாப்பாட்டில் இருக்கும்போது பின்பக்கம் போய் எடுத்தாராம். "கேட்டிருந்தா தந்திருப்பாங்க சரோஜா. ஆனா கேட்டு வாங்கினா வளராதே" என்று என்னிடம் காதோடு சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். வெளிச் செடி உள்ளே வரக்கூடாது என்று வாசலில் மூன்று மொழியில் எழுதிப் போட்டிருந்த பலகைக்கு நேர் கீழே, முதல் வரிசைத் தலைப்பில் அதைச் சட்டியில் வைத்தோம். வைத்தது நான்தான்.

மெடம் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கோயிலுக்குப் போகும் வழியில் வருவார். வீட்டு ஹோலில் வைக்கப் பூ வேண்டும். முதலில் அவருடைய செல்லமான அந்த வெள்ளைச் செடியின் பழுத்த இலையை, காய்ந்த நுனியை நறுக்கிச் சுத்தமாக்க வேண்டும். பிறகு முதல் வரிசையில் பன்னிரண்டு பூ. மருந்து வாளி கொட்டகையின் அடுத்த முனையில் இருக்கும். கார் இஞ்சினை நிறுத்தாமல் நிற்க, "கெதியா சரோஜா, பூசை முடிஞ்சிரும்" என்பார். நான் ஒரே கத்தியால் செல்லத்தையும் நறுக்கி, பன்னிரண்டு பூவையும் வெட்டிக் கொடுப்பேன். வாராவாரம் இலை பழுக்கிற அந்தூரியம் எங்கேயாவது உண்டா? எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். கத்தி பிடித்து இருபது வருடமானவளுக்கு, மெடம் பக்கத்தில் நின்றால் கண் தெரியாமல் போயிற்று.

கார்த்திகை மழையோடு கருகல் வந்தது. இலை ஓரத்தில் எண்ணெய் தொட்டது போல ஒரு ஈரப் புள்ளி விழும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் சுற்றிலும் மஞ்சள் தெரியும். ஒரு வாரத்தில் அது கபில நிறமாகும், பிறகு காம்பு தானாகவே கழன்று கையோடு வரும். ஒரு திங்கட்கிழமை சேர் முப்பது செடிக்கு மேல் எண்ணிவிட்டுக் கந்தோர் அறைக்குள் போய் அலுமாரியைத் திறந்தார். படிவங்களை எடுத்தார். பத்து 'இல்லை', ஒரு 'ஆம்'. விசாரணை அங்கேயே முடிந்துவிட்டது.

ராஜியைக் கூப்பிட்டு, வீட்டிலிருந்து செடியோ கன்றோ கொண்டுவந்தாளா என்று கேட்டார். இல்லை என்றாள். கையைக் கழுவாமல் வந்தாளா என்று கேட்டார். நினைவில்லை என்றாள், பொய் சொல்லத் தெரியாதவள் அப்படித்தான் சொல்வாள். முடிவு தெரியும்வரை வீட்டில் இருக்கச் சொன்னார். மெடம் போனிலேயே சொல்லிவிட்டாராம், நிற்பாட்டிவிடுங்கள் என்று. புருஷன் இல்லாதவள், மகள் இன்னும் பள்ளிக்கூடம். செடிக்கு நோய் கொண்டுவந்து நிறுத்தப்பட்டவள் என்ற பெயரோடு போனால், சுற்று வட்டாரத்தில் எந்தப் பண்ணையும் எடுக்காது. டவுனில் வீட்டு வேலைக்குப் போனால்கூட, ஏன் நின்றாய் என்று கேட்பார்கள், அவளும் உள்ளதைச் சொல்லித் தொலைப்பாள். நாங்கள் பத்துப் பேரும் குனிந்து இலை கழித்துக்கொண்டிருந்தோம். அன்று எல்லோருக்கும் வேலையில் அப்படியொரு கவனம்.

செவ்வாய்க்கிழமை, நோய் கண்ட செடிக்கெல்லாம் சிவப்புக் கம்பளி நூல் கட்டும் வேலையைச் சேர் என்னிடம் தந்தார். பகல் முழுக்கக் கட்டினேன். முடித்துவிட்டுக் கொட்டகையின் மறு முனையில் நிமிர்ந்து நின்று பார்த்தேன். சேர் கொப்பியில் இலக்கம் இலக்கமாக எழுதியதால் அவருக்குத் தெரியவில்லை. எனக்கு ஒரே பார்வையில் தெரிந்தது. வாசல் பக்கம் நூல் அடர்ந்து கிடந்தது, உள்ளே வர வர ஐதானது. ராஜியின் வரிசைகளில் மொத்தமே இரண்டு நூல். முதல் வரிசையில் நான் வெள்ளிக்கிழமை பூ வெட்டிய செடிகள் ஒன்றுகூடத் தப்பவில்லை. மெடத்தின் சட்டிக்குப் போய் அடி இலை ஒன்றை மெல்லத் தொட்டேன். காம்பு கழன்று வந்தது. அடியில் கறுத்த கபிலம், நாற்றம்.

அப்போதே கந்தோருக்குப் போயிருக்க வேண்டும். நடந்தால் நாற்பது அடி. நான் போகவில்லை. எதற்கும் நிச்சயமாகத் தெரியட்டும் என்று எனக்கு நானே சொன்னேன். புதன்கிழமை, சேருக்கு இன்று தலைவலி போல, நாளைக்குச் சொல்லலாம் என்று சொன்னேன். வியாழக்கிழமை, சொன்னால் ராஜி வருவாள், நான் போவேன், அதில் யாருக்கு என்ன இலாபம் என்று சொன்னேன். பயத்துக்கு எத்தனை நியாயம் கிடைக்கிறது பாருங்கள். அந்த மூன்று நாளும் கத்தியை மட்டும் ஒவ்வொரு செடிக்கும் தவறாமல் மாற்றினேன், அதில் ஒரு குறையும் வைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மெடம் வழக்கம்போல வந்தார். நான் பூவுக்குக் கத்தியோடு போக, சிவப்பு நூல்களைப் பார்த்து உச்சுக்கொட்டினார். பிறகு அவருடைய சட்டியைப் பார்த்து முகம் மலர்ந்தார், அதில் இரண்டு புது மொட்டு. "பாத்தியா சரோஜா, இதுக்கு ஒண்ணும் ஆகல. அந்த லைன் வீட்டுக்காரி செஞ்ச வேலை. அதுங்களுக்குக் கை சும்மா இருக்காது, எங்க கண்டாலும் கிள்ளிக்கிட்டு வந்துருங்க" என்றார். லைன் வீட்டுக்காரி என்று அவர் யாரிடம் சொல்கிறார் என்பது அவருக்கு நினைவில்லை. நானும் அதே லைன்தான். எனக்குக் கோபம் வந்தது. ராஜிக்காக வந்திருந்தால் பெருமைப்பட்டிருப்பேன். எனக்காகத்தான் வந்தது.

சனிக்கிழமை காலை சேரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒரு புதுத் தாள் எடுத்துத் திகதி எழுதினார்.

"எத்தினை வெள்ளிக்கிழமை?"

"பதினாலு சேர்."

"கத்தியைத் தோய்க்கேல்லையோ?"

"இல்ல சேர். மெடம் அவசரப்படுத்தினாங்க."

காரணம் என்ற இடத்தில் 'அவசரம்' என்று எழுதினார். பிறகு எழுந்து போய், மெடத்தின் சட்டியிலிருந்து ஒரு தண்டை வெட்டி வந்தார். கண்ணாடிக் கிளாஸில் தெளிந்த தண்ணீர் நிரப்பி, வெட்டுமுகம் தண்ணீரில் படும்படி தண்டை நூலில் கட்டித் தொங்கவிட்டார். இருவரும் பார்த்துக்கொண்டு நின்றோம். இரண்டு மூன்று நிமிடத்தில் வெட்டிய இடத்திலிருந்து பால் போல ஒரு இழை மெல்ல இறங்கியது. அது கிளாஸின் அடியைத் தொட்டது. பிறகு சேர், "பிழை என்ரையும்தான். நான் அவவை ஒருநாளும் தொட்டியில நிப்பாட்டேல்லை" என்றார். அதையும் எழுதினார். அந்த மனிதரை எவ்வளவோ கிண்டல் செய்திருக்கிறேன், இப்போதும் செய்வேன், ஆனால் தன் பெயரைத் தானே எழுதிய மேலாளரை நான் அவருக்கு முன்னும் பின்னும் பார்க்கவில்லை.

மெடம் வந்தார். கிளாஸைக் காட்டினார் சேர். அது சம்பந்தி வீட்டுச் செடி, நல்ல குடும்பத்துச் செடி, அதற்கு நோய் வராது என்றார் மெடம். வெளிச் செடி கொண்டுவந்தவர் நிரப்ப வேண்டிய படிவத்தைச் சேர் நீட்டினார். எங்கிருந்து பெறப்பட்டது, யாரிடம் கேட்டுப் பெறப்பட்டது என்று அதில் இரண்டு கேள்வி. மெடம் அதை வெகுநேரம் வாசித்தார். கடைசியில் தாளை மேசையில் வைத்துவிட்டு, "யாரோ கண்ணு வச்சுட்டாங்க" என்று என் பக்கம் பார்த்துவிட்டுக் காருக்குப் போனார். நோய் கண்டு எரித்த ஆறு வரிசையோடு அந்தச் சட்டியையும் சேர் தன் கையாலேயே எரித்தார். அறிக்கையில் மெடத்தின் பெயர் எப்படியோ காணாமல் போய், கத்தி மட்டும் மிஞ்சியது. எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. இளைத்தவள் தலைதானே மிளகாய் அரைக்கத் தோது. அந்தக் கடிதத்தில் உள்ளதெல்லாம் உண்மை என்பதால் நான் சண்டைக்குப் போகவில்லை.

அந்தச் சனிக்கிழமையே வேலை முடிகிற நேரம் சேர் என்னைக் கூப்பிட்டு, "ராஜேஸ்வரியைத் திங்கட்கிழமை வரச் சொல்லி நீரே போய்ச் சொல்லும்" என்றார். நல்ல செய்தி கொண்டுபோகிறவள் மாதிரி டவுனில் இறங்கிக் கால் கிலோ மஸ்கட் அல்வா வாங்கிக்கொண்டு போனேன்.

ராஜி வாசலில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். "வாங்கக்கா" என்றாள். வாசல் படியில் அவளுடைய இரண்டு சட்டியும் கழுவிக் கவிழ்த்துக் கிடந்தன. செடி எங்கே என்று கேட்டேன்.

"எரிச்சிட்டேன்க்கா. சேர் கேட்டதிலருந்து தூக்கமே இல்ல. ஒருவேளை நாந்தான் கொண்டாந்தேனோன்னு. கைய ஒழுங்காக் கழுவாம போயிருப்பேன் போல. ஒங்க எல்லாரு வரிசையும் என்னால நாசமாப் போச்சேன்னு அழுகையா வந்துச்சு. அதான், இதுவும் வேணாம்னு."

உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். மெடத்தின் களவு, என் கத்தி, கிளாஸில் இறங்கிய இழை, திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொன்னது. அவள் உடுப்பை உதறுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். முகம் தெளிந்தது. மகளைக் கூப்பிட்டு, அம்மா செய்யலையாம்டி என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"ஒங்களுக்கு எப்பக்கா தெரியும்?"

பொய் சொல்ல எவ்வளவு நேரம் வேண்டும்? இன்றைக்குக் காலையில் என்று சொல்லியிருக்கலாம், நம்பியிருப்பாள். படிவத்தில் கை 'இல்லை' என்று எழுதியிருக்க, வாய்க்கு அது பெரிய வேலையும் இல்லை. ஆனால் வாசலுக்கு வந்து நின்ற அவள் மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"செவ்வாய்க்கிழமை" என்றேன்.

ராஜி குனிந்து, கவிழ்த்திருந்த சட்டியைப் பார்த்தாள்.

"நான் பொதங்கிழமைதான்க்கா எரிச்சேன்" என்றாள்.